மீன் எந்நேரம் குரல் கொடுக்கும்? மட்டக்களப்பு வாவியும் மற்ற நீர்களும்

வாவிக்கரை | 2024 ஏப்ரல் 14, இரவு 9.40

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவது பூரணை இரவில் மட்டும்தான் என்று ஊரில் எல்லாரும் சொல்லுகிறார்கள். கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள் இறக்கி, மேல்முனையைக் காதோடு வைத்துக் கேட்பது வழக்கம். இது சரியா? மீனுக்கு நிலவோடு என்ன கணக்கு? பகலில் ஏன் பாடாது?

இன்னொன்று. 27 மில்லிமீட்டர் பீசோ தகட்டை (அதிர்வை மின்சாரமாக்குவது) எபாக்ஸிப் பசையில் முக்கி, தண்ணிக்குள் இறக்கி, கைப்பதிவியின் மைக் துளையில் சொருகினால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருகிறது. அடிக்குரலில் ஒன்றுமே இல்லை. தகடு பழுதா?

நீரொலி | ஏப்ரல் 15, காலை 6.15

தகடு பழுதாக இருக்காது. அதை ஈயப்பற்று வந்து சொல்வார். நிலவுக் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

"பூரணையில் மட்டும்" என்பது மீனைப் பற்றிய செய்தியா, கேட்கப் போகிறவர்களைப் பற்றிய செய்தியா? முதலில் இதைப் பிரிக்க வேண்டும். இரவில் தோணி விட வெளிச்சம் வேண்டும், காற்று விழுந்திருக்க வேண்டும், மாரி வெள்ளம் வடிந்திருக்க வேண்டும். மூன்றும் கூடுவது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரையுள்ள நிலா இரவுகளில். அமாவாசை இருட்டில் யாரும் துடுப்பைக் காதில் வைப்பதில்லை. அன்று பாடியதா இல்லையா என்று சாட்சி சொல்ல ஆளும் இல்லை.

1848 செப்டெம்பரில், இலங்கையின் பிரித்தானியக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் போனபோதும் இதையேதான் அவரிடம் சொன்னார்கள்: இரவில் மட்டும், முழுநிலவு நெருங்க நெருங்கத் தெளிவாக. அவர் எழுதிவைத்த வர்ணனை இன்றைக்கும் பயன்படும். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தால் எழுவது போன்ற மெல்லிய அதிர்வு. ஒரே நீண்ட சுரமில்லை, தனித்தனியாகப் பிரிந்து கேட்கிற பல சிறு ஒலிகள். தோணி மரத்தில் காதை வைத்ததும் பெரிதாகிறது, தோணி நகர நகர மாறுகிறது. இந்தக் கடைசிச் சொல் முக்கியம். குரல் கொடுப்பது ஆங்காங்கே நின்று கொடுக்கிறது, வாவி முழுக்க ஒரே சீராக இரையவில்லை.

1950களில் யேசு சபைப் பாதிரியார் லாங் அதைப் பதிவே செய்தார், இலங்கை வானொலியில் ஒலிபரப்பும் ஆனது. ஒலி இருப்பதில் சந்தேகமில்லை. யார், எப்போது என்பதுதான் கேள்வி.

ஈயப்பற்று | ஏப்ரல் 15, பகல் 11.05

தகடு நன்றாகத்தான் இருக்கும், சொருகிய இடம்தான் தவறு. 27 மி.மீ. தகட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 20 நானோஃபாரட். கைப்பதிவியின் மைக் உள்ளீடு 5 கிலோஓம் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 1600 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி ஆகிவிடுகிறது. 200 ஹெர்ட்ஸில் வரும் குரல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். மீன் குரல்களில் பெரும்பாலானவை 50-லிருந்து 1000 ஹெர்ட்ஸுக்குள். மீன் இருக்கிற இடத்தை அப்படியே வழித்துப் போட்டுவிட்டு, சொடுக்கு இறால் இருக்கிற 2000-க்கு மேலே மட்டும் பதிவு செய்கிறீர்கள். அந்தக் கடுகு பொரிகிற சத்தம் சொடுக்கு இறால் கொடுக்கை மூடுவது.

நடுவில் ஒரு பஃபர் போடுங்கள், தகட்டின் அடிக்குரலை வெட்டாமல் பதிவிக்குக் கடத்தும் சிறு சுற்று அது. 2என்5457 டிரான்சிஸ்டர் போதும், ஜே201-ம் சரி. அதன் மூன்று கால்கள் கேட், சோர்ஸ், டிரெயின். தகடு சேரும் கேட்டிலிருந்து தரைக்கு 10 மெகாஓம் மின்தடை. சோர்ஸிலிருந்து தரைக்கு 4.7 கிலோஓம். டிரெயினுக்கு 9 வோல்ட் பாட்டரி. சோர்ஸிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வழியாகப் பதிவிக்கு. இப்போது வெட்டுப்புள்ளி சில ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

பதிவியில் மூன்றை அணைக்க வேண்டும்: தானியங்கி ஒலியளவு, தாழ்ந்த சுருதியை வெட்டும் லோ கட், மைக்குக்குப் போகும் 2-3 வோல்ட் பிளக்-இன் பவர். முதலாவதை விட்டுவிட்டால் இந்த வேலையே வீண். மாலையில் கூட்டம் கத்தினால் அது ஒலியைக் குறைக்கும், நடுப்பகல் அமைதியில் ஏற்றும், நாள் முழுக்க ஒரே அளவாகத் தெரியும்.

ஈயப்பற்று | ஏப்ரல் 15, பகல் 11.30

விட்டுப்போனது. பஃபரைத் தகட்டுக்குப் பக்கத்திலேயே எபாக்ஸிக்குள் புதைக்கலாம், மேலேயும் வைக்கலாம். 10 மீட்டர் கேபிளின் 1 நானோஃபாரட், தகட்டின் 20-க்கு முன்னால் பெரிதில்லை. ஆனால் மேலே வைத்தால் அந்த 10 மீட்டரும் மின் இரைச்சலை அள்ளும். கீழே வைப்பதே நல்லது.

எபாக்ஸியில் காற்றுக்குமிழி நின்றால் தகடு பாதிச் செவிடு. குப்பியை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளக்கி, ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். கேபிள் உறையை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஊற்றாவிட்டால் எபாக்ஸி ஒட்டாது, அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் ஏறும். பெரும்பாலான சாவு அங்கேதான்.

தூண்டில் | ஏப்ரல் 15, இரவு 8.20

பாடுவது கெளுத்தியாக இருக்கலாமே. தூண்டிலில் ஏறியதும் கையிலேயே கிர்ர் கிர்ரென்று கத்துகிறது. கீச்சானும் அப்படியே. பெயரே கீச்சான்.

நீரொலி | ஏப்ரல் 16, காலை 5.50

பிடிபட்ட மீன் போடும் சத்தம் வேறு, தண்ணீருக்குள் இணையைக் கூப்பிடும் குரல் வேறு. கையில் கத்துவதை வைத்து "இந்த மீனால் ஒலி எழுப்ப முடியும்" என்று மட்டும் சொல்லலாம். இரவில் கேட்பது அதுதான் என்று சொல்ல முடியாது.

கெளுத்தி இரண்டு விதமாக ஒலி எழுப்பும். பக்கத் துடுப்பின் முள்ளை அதன் குழியில் உரசுவது ஒன்று, அது கரகரப்பு. காற்றுப்பையை அதிரவைப்பது மற்றொன்று, அது அடிக்குரல். கடல் கெளுத்தியில் இரண்டும் உண்டு.

கத்தாளையும் பன்னாவும்தான் இந்த வித்தையில் தேர்ந்தவை. காற்றுப்பையை ஒட்டி இருபுறமும் உடம்புச் சுவரில் ஒரு தசைப்பட்டை இருக்கும். அது சுருங்கிச் சுருங்கி விரிய, பை மத்தளமாகிறது. சந்தையில் நெட்டி என்று விலை போகிறதே, அந்தப் பைதான். பருவத்து ஆண் மீனைக் கீறினால் அந்தப் பட்டை சுற்றியுள்ள வெள்ளைத் தசையிலிருந்து தனியாக, அடர்ந்த சிவப்பாகத் தெரியும். பல இனங்களில் ஆணுக்கு மட்டுமே உண்டு, சிலவற்றில் இரு பாலுக்கும் உண்டு. அட்லாண்டிக் கரையின் வீக்ஃபிஷில் ஆணுக்கு மட்டும், அங்கேயே உள்ள அட்லாண்டிக் குரோக்கரில் இரண்டுக்கும். ஆகவே "குரல் வந்தால் ஆண்" என்று பொதுவாக எழுதிவிடக் கூடாது.

நீரொலி | ஏப்ரல் 16, இரவு 10.30

இனி "பகலில் ஏன் பாடாது". பாடுகிற மீன்கள் உண்டு. பவளத்திட்டுகளின் டாம்செல் ஆண்கள் விடிந்ததும் குதித்துக் குதித்துச் சிறு கீச்சொலி விடும். கடற்சாமந்தியில் வாழும் கோமாளி மீன் பகலில் எதிரியை விரட்டத் தாடையைப் படக்கென்று மூடி ஒலி எழுப்பும். கண்ணால் பார்த்தும் சேதி சொல்ல முடிகிற நேரம் அது, குரல் துணைக்கு வருகிறது.

கத்தாளைக் குடும்பத்தில் பொதுவான வழக்கம் வேறு. சூரியன் சாயும்போது ஒன்றிரண்டு தொடங்கும், இருட்டியபின் ஓரிரு மணி நேரத்தில் உச்சம், நள்ளிரவை நோக்கித் தேயும். முட்டையிடுவதும் அந்த மாலை நேரத்தை ஒட்டித்தான். முட்டைகளைத் தின்னும் மீன்களில் பல கண்ணை நம்பி வேட்டையாடுபவை. அவை அடங்கும் நேரமாகப் பார்த்து முட்டை விடுவது லாபம்.

கலிபோர்னியாவின் மிட்ஷிப்மேன் மீனில் இது சோதித்தே காட்டப்பட்டது. பாறைக்கடியில் கூடு காக்கும் ஆண், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே சுரத்தை இரவில் விடாமல் மீட்டும், சிலசமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக. 1980களில் சாஸலிட்டோ படகுவீடுகளில் இருந்தவர்கள் இயந்திரம் ஏதோ ஓடுகிறது என்று தேடியது இந்த ஒலியைத்தான். 2016-இல் ஃபெங், பாஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க விளக்கை எரியவிட்டால் முனகல் அடங்கியது. மெலடோனின் போன்ற மருந்தைக் கொடுத்ததும் அந்த வெளிச்சத்திலேயே திரும்ப வந்தது. முழு இருட்டில் வைத்தால் ஏறக்குறைய 25 மணி நேரச் சுற்றில் தானே தொடர்ந்தது. மீனுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சம் அதை ஒட்டி அடக்கவோ விடவோ செய்கிறது.

வாவிக்கரைக்கு இதில் சேதி உண்டு. வெளிச்சம் சில மீன்களை அடக்கும் என்றால், பூரணை அவற்றுக்கு மோசமான இரவாகவும் இருக்கலாம்.

தூண்டில் | ஏப்ரல் 17, காலை 7.10

எல்லாம் இரவிலேயே கத்தினால் ஒன்றின் குரல் மற்றதற்கு எப்படி விளங்கும்?

நீரொலி | ஏப்ரல் 17, காலை 7.45

பங்கு பிரித்துக்கொள்கின்றன. தென்னாப்பிரிக்காவின் சோட்வானாவில் 120 மீட்டர் ஆழத்தில், சீலகாந்த் என்ற பழங்கால மீன் வாழும் குகை ஒன்றில் பதிவுக்கருவி வைத்துப் பார்த்ததில் இரவு மீன்களின் குரல்கள் சுருதியாலோ நேரத்தாலோ ஒன்றையொன்று விலகி நின்றன. பகல் மீன்களின் குரல்கள் மேலோடு மேல் விழுந்தன. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்ட் கடலில் ஏழு வகைக் கூட்டுக்குரல்கள் பிரித்தறியப்பட்டன. ஆக "இரவு" என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள். அந்திக் கூட்டம், முன்னிரவுக் கூட்டம், விடியல் கூட்டம் எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

வாவிக்கரை | ஏப்ரல் 18, இரவு 7.55

பஃபர் போட்டாயிற்று. இப்போது அடிக்குரல் வருகிறது. ஆனால் ஒரு "ம்ம்ம்" நிற்காமல் இருக்கிறது, 100 ஹெர்ட்ஸ். மிட்ஷிப்மேன் மாதிரியே. இடையிடையே டொம் டொம் என்று ஒரு குத்தல். பாலத் தூணில் கட்டித்தான் இறக்கினேன். ஒரு மீட்டர் ஆழம்.

ஈயப்பற்று | ஏப்ரல் 18, இரவு 8.30

அந்த "ம்ம்ம்" மின்கம்பி. 50, 100, 150 என்று துல்லியமாக நின்றால் அது கரை விளக்கின் மின்சாரம். மீனின் சுருதி இப்படி ஆணி அடித்தாற்போல் நிற்காது, நீர் வெப்பத்தோடு ஏறி இறங்கும். சார்ஜரைக் கழற்றிப் பாட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். கேபிளின் பின்னல் உறை பஃபரின் தரையோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாலத்தில் கட்டவே கூடாது. 2013-இல் திறந்த புதுப் பாலத்தில் ஓடும் ஒவ்வொரு லாரியும் தூண் வழியாக நேரே உங்கள் தகட்டில் இறங்கும். அதுவும் பகலில் கூட, இரவில் குறைய. "இரவில் மட்டும் பாடுகிறது" என்ற முடிவை வாகனமே எழுதிக்கொடுத்துவிடும். டொம் டொம் என்பது நீரோட்டத்தில் கேபிள் நரம்பாக அதிர்வது. அடியில் இரண்டு செங்கல் எடை, அதிலிருந்து கயிறு, நீருக்குள்ளேயே நிற்கிற ஒரு சிறு மிதவை. தகட்டை அந்தக் கயிற்றில், தரையிலிருந்து முழ உயரத்தில், ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். மேலே அலையில் ஆடுகிற எதிலும் தொங்கவிடாதீர்கள்.

நீரொலி | ஏப்ரல் 18, இரவு 11.10

ஒரு மீட்டர் ஆழம் என்றதைப் படித்தபின் என் முதல் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. "இடம் மாற மாற ஒலி மாறுகிறது, ஆகவே பாடுவது ஆங்காங்கே இருக்கிறது" என்று எழுதினேன். அது பாதி உண்மைதான். ஆழமில்லாத நீரில் தாழ்ந்த சுருதி தூரம் போகாது. நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1500 மீட்டர். அதை ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவதுதான் எல்லை, அதுவும் தரை கடினமானது என்று வைத்துக்கொண்டால். 1 மீட்டர் ஆழத்தில் 375 ஹெர்ட்ஸ், 2 மீட்டரில் 190, 4 மீட்டரில் 95 சொச்சம். மணல் தரையில் எல்லை இன்னும் மேலே போகும். அதற்குக் கீழுள்ள குரல் சில மீட்டரிலேயே செத்துவிடும்.

ஆகவே 1 மீட்டர் நீரில் 150 ஹெர்ட்ஸ் குரல் கேட்கவில்லை என்பதால் மீன் பாடவில்லை என்று ஆகாது. வாவியின் ஆழமான கால்வாயில், 3-4 மீட்டரில் வையுங்கள். ஏற்றவற்றம் பெரிதாக உள்ள கழிமுகங்களில் இது பெரிய பொறி. வெள்ளம் ஏறினால் எல்லை இறங்கும், தூரத்துக் குரல்களும் வந்து சேரும், "ஏற்றத்தில் அதிகம் பாடுகிறது" என்று ஏமாந்துபோவோம். மட்டக்களப்புக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் தொல்லை குறைவு. ஆனாலும் நீர்மட்டத்தை ஒரு குச்சியில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கரை | ஏப்ரல் 19, மாலை 6.40

நேற்று இரவுத் துண்டை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் விரித்துப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏணிப்படி மாதிரிக் கோடுகள். அதே துண்டைச் சன்னல் அளவு மாற்றிப் பார்த்தால் ஏணி காணாமல் போய்த் தனித்தனிக் குத்துகளாக இருக்கிறது. இரண்டு வகை மீனா?

நீரொலி | ஏப்ரல் 19, இரவு 7.20

ஒன்றேதான். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 4096 மாதிரிகள் கொண்ட சன்னல் என்றால் ஒவ்வொரு பார்வையும் 85 மில்லிநொடி நீளம். குத்துகள் 20 மில்லிநொடிக்கு ஒன்று வந்தால் ஒரு சன்னலுக்குள் நான்கு விழுந்து, 50 ஹெர்ட்ஸ் ஏணியாகத் தெரியும். 512 வைத்தால் 11 மில்லிநொடி, குத்து தனித்தனியாக நிற்கும். இரண்டிலும் பார்த்துவிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். எதிலே பார்த்தீர்கள் என்று குறிப்பில் எழுதாவிட்டால் அடுத்தவர் இல்லாத மீன் ஒன்றைத் தேடுவார்.

50 என்பதால் மின்கம்பியோ என்றும் ஒருமுறை சரிபாருங்கள். குரல் நின்று நின்று வந்தால் மீன், ஓயாமல் இருந்தால் விளக்கு.

நீரொலி | ஏப்ரல் 19, இரவு 9.50

பதிவு அட்டவணை. பூரணை 23, அமாவாசை மே 7-8. இடையிலுள்ள 15 நாளும் விடாமல் ஓட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றை வழி, வேவ் கோப்பு என்றால் மணிக்கு 346 எம்பி. பத்து நிமிடத்துக்கு 2 நிமிடம் மட்டும் பதிந்தால் நாளுக்கு 1.7 ஜிபி, 15 நாளுக்கு 25. 32 ஜிபி அட்டை போதும். எம்பி3 வேண்டாம், அது காதுக்குத் தேவையில்லை என்று தூக்கிப்போடுவதில் நமக்கு வேண்டியதும் போகும்.

ஏன் 15 நாள்? பூரணையன்று நிலவு அந்தியிலேயே எழும். அதன்பின் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதம். 28ஆம் தேதி அந்திக்கும் நிலவெழுச்சிக்கும் இடையே இரவு சுமார் பத்து மணி வரை இருட்டு இடைவெளி கிடைக்கும். மீன் நிலவொளிக்குப் பாடினால், தொடக்கம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் பின்னால் தள்ளும். சூரியன் சாய்வதற்குப் பாடினால் அசையாமல் அதே நேரத்தில் நிற்கும். நிலவு அதை அடக்குகிறது என்றால் அந்த இருட்டு இடைவெளியில்தான் குரல் அடர்ந்திருக்கும். மூன்றும் மூன்று விதமான கோடு. ஊரின் 170 ஆண்டுப் பேச்சை இந்த ஒரு படம் தீர்க்கும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நேரத்தைக் கடிகாரத்தால் எழுதாமல் "அந்திக்குப் பின் இத்தனை நிமிடம்" என்று எழுதுங்கள்.

ஈயப்பற்று | ஏப்ரல் 20, காலை 9.15

எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு எத்தனை குரல் என்று எண்ணினால் தொடக்கத்தில் சரியாக வரும். கூட்டம் சேர்ந்ததும் குரல்கள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போகும், உச்ச நேரத்தில் எண்ணிக்கை விழுந்ததாகப் படம் காட்டும். அதனால் எண்ணிக்கையோடு 100-1000 ஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த ஒலியளவையும் போடுங்கள். இரண்டும் எதிர்த்திசையில் போகும் இடம்தான் கூட்டுக்குரல் தொடங்கும் இடம்.

தூண்டில் | ஏப்ரல் 20, பகல் 1.30

ஒருநாள் மட்டும் திடீரென்று அமைதியாக இருந்தால்?

நீரொலி | ஏப்ரல் 20, பகல் 2.05

வேட்டைக்காரன் வந்திருக்கலாம். அமெரிக்காவின் சில்வர் பெர்ச்சுக்கு ஓங்கிலின் (டால்பின்) சீழ்க்கையைப் போட்டுக்காட்டியபோது பாட்டைத் தாழ்த்திக்கொண்டன. எஞ்சின் படகு போனாலும் பதிவில் அந்தத் துண்டு மூடிப்போகும். அமைதியான நிமிடத்தில் வேறு என்ன ஒலி இருக்கிறது என்று கேட்காமல் பூஜ்யம் போடாதீர்கள்.

வெப்பமும் குறியுங்கள். டோட்ஃபிஷ், வீக்ஃபிஷ் இரண்டிலும் நீர் சூடானால் சுருதி ஏறும், தசை வேகமாகச் சுருங்குவதால். பெரிய மீனுக்குச் சுருதி தாழும். மாலையில் கொஞ்சம் உயர்ந்தும் விடியலில் கொஞ்சம் தாழ்ந்தும் கேட்டால் உடனே இரண்டாவது இனம் என்று எழுத வேண்டாம்.

வாவிக்கரை | ஏப்ரல் 21, காலை 8.00

பாடுவது மீனில்லை, ஊரி (நத்தைச் சிப்பி) என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள்.

நீரொலி | ஏப்ரல் 21, காலை 10.40

டெனன்டும் ஊரியைத்தான் சொன்னார். "அழும் சிப்பி" என்று பொருள் எழுதி ஒரு தமிழ்ப் பெயரும் கொடுத்தார். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கிறது, ஊரி கூலீரூ கிராடூ என்பதுபோல. வாய்விட்டுப் படித்தால் "ஊரி குளறுகிறது" என்றே எனக்குப் படுகிறது. ஈழத்தில் குளறுதல் என்றால் அழுதல், கத்துதல்தானே. அவர் குறித்துக்கொண்டது பெயரை இல்லை, தோணிக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தை.

ஊரியில் ஒலிக்கான உறுப்பு எதுவும் இல்லை. ஆனால் அதைத் தரையிலிருந்து எடுத்து, வாளியில் போட்டுத் தகட்டை இறக்கி ஒரு இரவு பதிந்தால் ஊருக்கும் நிம்மதி. செலவு ஒரு வாளி.

தூண்டில் | ஏப்ரல் 21, மாலை 5.25

துடுப்பு எப்படிக் கேட்க வைக்கிறது? மேலே காற்றில் ஒன்றும் கேட்பதில்லை.

ஈயப்பற்று | ஏப்ரல் 21, மாலை 6.00

நீரிலிருந்து காற்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் ஏறும், மிச்சம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும். மரம் நீருக்கு நெருக்கமான பொருள், அதிர்வை வாங்கி எலும்புக்கே கொண்டுபோகும். சீனாவில் மிங் காலத்து மீனவர்கள் மஞ்சள் கத்தாளைக் கூட்டத்தைத் தேட மூங்கில் குழாயை இறக்கிக் கேட்டதும் இப்படித்தான்.

நீரொலி | ஏப்ரல் 21, இரவு 9.30

அந்த மஞ்சள் கத்தாளையின் முடிவையும் சொல்ல வேண்டும். 1950களில் படகுகளில் மரப்பலகையைத் தட்டி, அதிர்ச்சியில் மயங்கிய கூட்டத்தை அப்படியே வளைத்தார்கள். காட்டு மீன்வளம் சரிந்தது. முட்டையிடக் கூடுகிற மீன் தன் இடத்தைத் தானே கூவிச் சொல்கிறது. நெட்டிக்கு இருக்கும் விலையில் அது ஆபத்து. எனவே பதிவைப் பகிருங்கள், நேரத்தைப் பகிருங்கள், ஆழத்தைப் பகிருங்கள். கூட்டம் கூடும் புள்ளியை மட்டும் இங்கே எழுத வேண்டாம்.

வாவிக்கரை | ஏப்ரல் 22, மாலை 4.15

நாளை இறக்குகிறேன். கடைசியாக ஏதும்?

ஈயப்பற்று | ஏப்ரல் 22, மாலை 4.50

பதிவி ஓடத் தொடங்கியதும் கைபேசி நேரத்தை வாயால் சொல்லுங்கள், பிறகு நீர்ப்பரப்பில் துடுப்பால் மூன்று தட்டு. எடுக்கும்போதும் அதேபோல். மலிவான பதிவியின் கடிகாரம் நாளுக்குச் சில நொடி வழுவும், இரண்டு முனையும் இருந்தால் கணக்கில் சரிசெய்துவிடலாம். 9 வோல்ட் பாட்டரியைப் புதிதாகப் போடுங்கள். பஃபர் ஒரு மில்லிஆம்பியர் தின்றாலும் 15 நாளில் 360 மில்லிஆம்பியர்-மணி, சாதாரணக் காரப் பாட்டரி ஓரத்தில்தான் தாங்கும். சோர்ஸ் மின்தடையை 10 கிலோஓமாக மாற்றினால் மின்னோட்டம் பாதியை ஒட்டிக் குறையும். இன்றிரவே மாற்றிவிடுங்கள்.